சர்வரை மட்டும் மாத்தினா போதாது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பெங்களூர்ல அல்சூர் பக்கம் இருக்கேன், டேட்டாபேஸ் (பில், பேர், ரிசல்ட் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல சேர்த்து வைக்கிற இடம்) வேலை பாக்குறேன். பெரிய ஐடி கம்பெனி எல்லாம் இல்ல சார், சின்ன கிளினிக், ஸ்கூல், பீன்யால இருக்குற ஒர்க்ஷாப், சிக்பேட்டைல மொத்த வியாபார கடை, இந்த மாதிரி இடங்கள்ல பில்லிங் சாப்ட்வேர் ஸ்டாக் சாப்ட்வேர் எல்லாம் ஓடும் இல்லையா, அதுக்கு பின்னாடி இருக்குற சர்வரை பாத்துக்குற வேலை. இப்ப இந்த ஊர்ல எங்க போனாலும் ஒரே புலம்பல்தான், "சர்வரை அப்கிரேட் பண்ணாங்க, அன்னைலருந்து ஒண்ணும் ஒழுங்கா ஓடல"ன்னு. கவுண்டர்ல உக்காந்திருக்குற பொண்ணு வர்றவங்க எல்லார்கிட்டயும் திட்டு வாங்குது, ஆனா அந்த பொண்ணுக்கும் அந்த கோளாறுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உங்க பேப்பரை படிக்கிற கடைக்காரங்க, டாக்டருங்க, ஸ்கூல் நடத்துறவங்க, சங்கம் நடத்துறவங்க இதை தெரிஞ்சுக்கணும்னுதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போனாலும் போடுங்க சார்.

முதல்லயே சொல்லிடறேன், அப்கிரேட் வேண்டாம்னு நான் சொல்லல. பண்ணியே ஆகணும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் எல்லாம் டேட்டாபேஸ் சாப்ட்வேரோட பேர். மைஎஸ்க்யூஎல் 5.7ங்குற வெர்ஷனுக்கு சப்போர்ட் 2023 அக்டோபரோட முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் அதுல ஓட்டை கண்டுபிடிச்சா அடைக்க ஆள் இல்ல. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் 5 வருஷம்தான், 12வது வெர்ஷன் 2024 நவம்பர்ல முடிஞ்சுது, 13வது 2025 நவம்பர்ல. எஸ்க்யூஎல் சர்வர் 2014க்கு 2024 ஜூலை, 2016க்கு 2026 ஜூலை. இன்னும் 5.7லயே இருக்குறவங்க பேஷன்ட் விவரத்தையும் பிள்ளைங்க விவரத்தையும் பூட்டு இல்லாத வீட்ல வச்சிருக்காங்கன்னுதான் சொல்லுவேன்.

என் வருத்தம் எதுலன்னா, இதை எல்லாரும் சர்வர் வேலையா மட்டும் பாக்குறாங்க. ஹோஸ்டிங்காரன் மெயில் அனுப்புவான், "உங்க டேட்டாபேஸ் வெர்ஷன் பழசு, இந்த தேதில புதுசுக்கு மாத்துறோம்"னு, ஓனர் சரின்னுடுவாரு, ஞாயித்துக்கிழமை ராத்திரி மாத்திடுவாங்க, திங்கக்கிழமை காலைல எல்லாம் புட்டுக்கும். டேட்டாபேஸ், அது கூட பேசுற டிரைவர், அந்த டிரைவர் மேல உக்காந்திருக்குற ப்ரேம்வொர்க் (சாப்ட்வேர் கட்டுறதுக்கான ரெடிமேட் அடித்தளம்), அதுக்கு மேல உங்க சாப்ட்வேரை எழுதுனவர் கையால எழுதின க்வெரி (டேட்டாபேஸ்கிட்ட விவரம் கேக்குற வரி), இது நாலும் சேர்ந்து ஒரே வேலை சார். ஒண்ணை மட்டும் 2 தலைமுறை முன்னாடி தள்ளி வச்சா மத்த மூணும் அப்படியே முழிச்சுட்டு நிக்கும்.

ஒரு கிளினிக் கதையை சொல்றேன், பேர் வேண்டாம். லேபோட சேர்ந்த சின்ன இடம், நம்ம ஆளுங்கதான் அதிகம் வருவாங்க. சாப்ட்வேர் லாராவெல்ங்குற ப்ரேம்வொர்க்கோட 5.4ல எழுதினது, அது 2017ல வந்த வெர்ஷன், பிஎச்பிங்குற ப்ரோகிராம் மொழியோட 7.0ல ஓடிட்டிருந்துது, எழுதிக் குடுத்த ஆளு எப்பவோ வேற ஊருக்கு போயாச்சு. டேட்டாபேஸை மைஎஸ்க்யூஎல் 5.7லருந்து 8.0க்கு புது மிஷின்ல தூக்கி வச்சிருக்காங்க. திங்கக்கிழமை காலைல பில்லிங்ல இருக்குற பொண்ணு போன் பண்ணுது, "அண்ணா லாகினே ஆகல, வெள்ளை பக்கமா வருது, வெளிய ஆளுங்க நிக்கிறாங்க"ன்னு.

போய் லாகை (எரரை எல்லாம் குறிச்சு வைக்கிற பைல்) திறந்து பாத்தா முதல் எரர், சர்வர் 255ன்னு ஒரு சார்செட், அதாவது எழுத்துமுறை நம்பர், அனுப்புது அது என்னன்னே எனக்கு தெரியலன்னு பிஎச்பி சொல்லுது. 8.0ல டீபால்ட் எழுத்துமுறை லேட்டின்1லருந்து யுடிஎப்8எம்பி4க்கு மாறிடுச்சு, அந்த புது கொலேஷனோட (எழுத்தை வரிசைப்படுத்துற விதி) நம்பர்தான் 255, பழைய பிஎச்பிக்கு அந்த நம்பர் வரைக்கும் கணக்கு தெரியாது. அதை சர்வர் கான்பிக்ல (செட்டிங் பைல்) பழைய எழுத்துமுறையை வச்சு தாண்டினா அடுத்தது, "இந்த ஆதென்டிகேஷன் முறை க்ளையண்டுக்கு தெரியாது"ன்னு வருது. 8.0ல புதுசா உண்டாக்குற யூசருக்கு பாஸ்வேர்டை கேஷிங் ஷா2ங்குற முறைலதான் வைக்கும், பிஎச்பில 7.4 வந்தப்பறம்தான் அதுக்கு முழுசா வழி. உடனே கூகுள்ல கிடைக்கிற பதில் என்ன, அந்த யூசரை பழைய நேட்டிவ் பாஸ்வேர்ட் முறைக்கு மாத்துன்னு. மாத்தினாங்க. லாகின் பக்கம் வந்துச்சு, பட்டனை அமுக்கினா 1231ன்னு எரர், ஏன்னா லாராவெல் 5.4 ஒவ்வொரு கனெக்ஷன் திறக்கும்போதும் எஸ்க்யூஎல் மோடுன்னு, டேட்டாபேஸ் எப்படி நடந்துக்கணும்ங்குற விதிகளோட ஒரு வரிசையை அனுப்பும், அதுல நோ ஆட்டோ க்ரியேட் யூசர்னு ஒண்ணு இருக்கும், 8.0ல அந்த மோடையே எடுத்துட்டாங்க. இல்லாத மோடை கேட்டா சர்வர் எப்படி ஒத்துக்கும்.

இந்த இடம்தான் சார் ரொம்ப முக்கியமான இடம், கொஞ்சம் நின்னு சொல்றேன். இதுக்கு 2 வழி இருக்கு. ஒண்ணு, கான்பிக்ல மோடுகளை ஒவ்வொண்ணா நாமளே எழுதி அந்த ஒண்ணை மட்டும் விட்டுடறது. இன்னொண்ணு ஸ்ட்ரிக்ட்டுங்குறதை (தப்பான விவரத்தை உள்ள விடாத கண்டிப்பு) பால்ஸ்னு, அதாவது வேண்டாம்னு, மாத்துறது, ஒரே வார்த்தை, உடனே எல்லா பக்கமும் திறந்துக்கும். நான் போறதுக்கு முன்னாடியே ஒருத்தர் ரெண்டாவதை பண்ணி வச்சிருந்தாரு, வாசல்ல கூட்டம் நிக்குதே, அவசரம் புரியுது. ஆனா ஸ்ட்ரிக்ட் போயிட்டா டேட்டாபேஸ் வாயை மூடிக்கும். லேப் ரிசல்ட் போடுற கட்டம் எண்ணுக்கான கட்டம்னு வைங்க, டெக்னீஷியன் அதுல "பண்ணல"ன்னு எழுத்துல டைப் பண்ணிட்டா, ஸ்ட்ரிக்ட் இருந்தா எரர் அடிச்சு நிறுத்தும், இல்லன்னா அதை 0ன்னு உள்ள போட்டுட்டு வெறும் வார்னிங்கோட போயிடும், அந்த வார்னிங்கை யார் பாக்குறாங்க. டெஸ்ட்டே எடுக்கலங்குறதும் ரிசல்ட் பூஜ்யம்ங்குறதும் ஒண்ணா சார்? நீளமான பேரை கட்டத்துக்கு ஏத்த மாதிரி வெட்டிடும், தப்பான தேதியை முழுக்க பூஜ்யமா போட்டுடும். சாப்ட்வேர் ஓடுதுன்னு எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க, உள்ள தப்பு சேர்ந்துட்டே இருக்கும். எரர் அடிச்சு நிக்கிற சாப்ட்வேரை விட சத்தமே இல்லாம தப்பா எழுதிக்கிற சாப்ட்வேர்தான் எனக்கு பயம். அன்னைக்கு முதல் வேலையா அதை திரும்ப ஸ்ட்ரிக்ட்டுக்கு கொண்டு வந்து மோடை கையால எழுதினதுக்கு அப்புறம்தான் மத்ததை தொட்டோம்.

அப்புறமும் சில பக்கம் மட்டும் அடம் பிடிச்சுது. லேப்ல டெஸ்ட்டுகளை வகை வகையா பிரிச்சு வைக்க "க்ரூப்ஸ்"னு ஒரு டேபிள் (பட்டியல்), 8.0ல அந்த வார்த்தையை சர்வரே தனக்கு எடுத்துக்கிச்சு, "ரேங்க்", "சிஸ்டம்" எல்லாம் அதே மாதிரிதான். லாராவெல் தானா கட்டுற க்வெரில டேபிள் பேரை குறி போட்டு மூடிடும், அதனால தினசரி பக்கம் எல்லாம் ஓடுது, ஆனா மாசக்கடைசி ரிப்போர்ட்டை பழைய ஆளு கையால எழுதியிருக்காரு, அதுல குறி இல்ல, அது மட்டும் 1064 எரர். மாசக்கடைசி வந்தாத்தான் இது தெரியும், அப்ப யாரும் இதை அப்கிரேடோட சேர்த்து யோசிக்கவே மாட்டாங்க.

டோக்கன் லிஸ்ட் இன்னும் மோசம், எரரே வரல. 5.7 வரைக்கும் க்வெரில க்ரூப் பை, அதாவது வகைப்படுத்துன்னு, போட்டா வரிசையும் படுத்தியே குடுக்கும், அதை நம்பி ஆர்டர் பை, அதாவது வரிசைப்படுத்துன்னு, எழுதாம விட்டிருக்காங்க, 8.0ல அந்த இலவச வரிசை கிடையாது. டாக்டர் ரூம்ல ஸ்கிரீன்ல 14க்கு அப்புறம் 3, அதுக்கப்புறம் 21னு வருது. வயசான ஒருத்தர் காலைலருந்து உக்காந்திருக்காரு, அவருக்கு பின்னாடி வந்தவங்க உள்ள போயிட்டு வர்றாங்க, அவரு எழுந்து வந்து அந்த பொண்ணுகிட்ட, "ஏம்மா தெரிஞ்சவங்களைதான் உள்ள விடுவியா"ன்னு கேட்டாரு. அந்த பொண்ணு என்ன பதில் சொல்லும். ஒரு க்வெரில ரெண்டு வார்த்தை இல்லாததுக்கு அது கண்ல தண்ணி.

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டு சொன்னாரு, "என்னப்பா இது, பழசுக்கே மாத்திடு, அப்புறம் பாத்துக்கலாம்". எல்லா ஓனரும் கேக்குறதுதான் இது. ஆனா 8.0ங்குறது ஒரு தடவை அந்த பைல்களை தன் முறைக்கு மாத்திட்டா 5.7 அதை திரும்ப படிக்காது, உள்ள எந்த டேபிள் எப்படி இருக்குன்னு குறிச்சு வைக்கிற அகராதியோட அமைப்பே வேற. பின்னாடி போகணும்னா மாத்துறதுக்கு முன்னாடி எடுத்த பேக்கப்தான் வழி, அதுக்கு போனா காலைலருந்து போட்ட பில், எடுத்த ரிசல்ட் எல்லாம் திரும்ப கையால ஏத்தணும். இதை யாராவது முந்தின வாரமே அவருக்கு சொல்லியிருந்தா அவரு ஞாயித்துக்கிழமை ராத்திரிக்கு ஒத்துக்கிட்டிருப்பாரா?

தமிழ் எழுத்து விஷயத்தையும் சொல்லணும், இது நம்மளுக்கே உரிய பிரச்சனை. ஒரு சின்ன அமைப்பு, மெம்பர் பேர் எல்லாம் தமிழ்லயே டைப் பண்ணி வச்சிருந்தாங்க, ப்ரேம்வொர்க் இல்லாத ரொம்ப பழைய பிஎச்பி சாப்ட்வேர். புது சர்வருக்கு மாத்தின மறுநாள் ஒரு பேர் கூட படிக்க முடியல, மேல கோடு போட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள்ள ஆர் குறியும் திரும்ப திரும்ப பக்கம் முழுக்க. டேட்டா போச்சுன்னு அழாத குறையா போன் பண்ணாங்க. போகல சார். யுடிஎப்8ங்குற எழுத்துமுறைல ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் 3 பைட், அதுல முதல் பைட் எல்லாத்துக்கும் ஒண்ணேதான், அதனாலதான் அதே ஏ திரும்ப திரும்ப தெரியுது. பழைய டேபிள் தன்னை லேட்டின்1னு சொல்லிக்கும், பழைய கனெக்ஷனும் லேட்டின்1, ரெண்டும் உள்ள என்ன இருக்குன்னே பாக்காம பைட்டை வாங்கி பைட்டை குடுத்துட்டு இருந்துச்சு, பிரவுசர் அதை தமிழா காட்டுச்சு. புது கனெக்ஷன் யுடிஎப்8எம்பி4ல பேசுறதால, சர்வர் உதவி பண்றதா நினைச்சு ஒவ்வொரு பைட்டையும் ஒரு ஐரோப்பிய எழுத்தா மாத்தி குடுக்குது. இப்ப டேபிளை நேரா யுடிஎப்8எம்பி4க்கு கன்வெர்ட் பண்ணிட்டா தப்பு நிரந்தரமா உள்ளயே பதிஞ்சுடும், முதல்ல பேர் இருக்குற அந்த பத்தியை பைனரியா (வெறும் பைட்டா) மாத்தணும், அப்புறம் பைனரிலருந்து யுடிஎப்8எம்பி4க்கு, அப்பதான் பைட் கலையாது. முக்கியமா அதுக்கு நடுவுல யாரும் புதுசா பேர் சேர்க்க கூடாது, சேர்த்தா பாதி ஒரு மாதிரி பாதி வேற மாதிரி ஆகி பிரிக்கவே முடியாது. தமிழ்ல ரெக்கார்ட் வச்சிருக்குறவங்க எல்லாரும் இதை ஞாபகம் வச்சுக்கணும்னு கேட்டுக்குறேன், நம்ம பேர் நம்ம எழுத்துல இருக்கணும்னு ஆசைப்பட்டு வச்ச லிஸ்ட் அது.

எதிர் பக்கத்துலருந்து வர்ற சிக்கலும் இருக்கு. ப்ரோகிராமருங்க ப்ரேம்வொர்க்கை முதல்ல ஏத்திடுவாங்க. ஜாங்கோங்குற ப்ரேம்வொர்க்கோட 4.2, 2023 ஏப்ரல்ல வந்தது, அது மைஎஸ்க்யூஎல் 5.7ஐ ஏத்துக்காது, குறைஞ்சது 8 வேணும், போஸ்ட்கிரெஸ்னா 12. அப்ப பழைய ப்ரேம்வொர்க்குக்கு புது டேட்டாபேஸ் தெரியாது, புது ப்ரேம்வொர்க் பழைய டேட்டாபேஸை சேர்க்காது, நடுவுல எங்க காலை வைக்கிறது? ரெண்டையும் தெரிஞ்ச ஒரு வெர்ஷன் இருக்கும், அதுல ஏறி நிக்கணும். ஜாங்கோல 3.2 அப்படி, 5.7லயும் ஓடும் 8.0லயும் ஓடும். முதல்ல 3.2, அப்புறம் டேட்டாபேஸ், அப்புறம் 4.2. லாராவெல் 5.4ல இருக்குறவங்க பிஎச்பியை மட்டும் 7.2க்கு தூக்கினாலே கவுண்ட் பங்க்ஷன்ல (எண்ணிக்கை எடுக்குற கட்டளை) எரர் வர ஆரம்பிக்கும், அதனால அங்கயும் படி படியாத்தான். இந்த படிகளை பேப்பர்ல எழுதி வைக்காம யாரும் ராத்திரி வேலைக்கு உக்காரவே கூடாதுங்குறது என் அபிப்பிராயம்.

போஸ்ட்கிரெஸ் வச்சிருக்குறவங்களுக்கு ஒரு விஷயம் சுருக்கமா. பிஜி அப்கிரேட்ங்குற கருவியை போட்டு மாத்தினப்பறம் "புது சர்வர் பழசை விட ஸ்லோ"ன்னு சொல்லுவாங்க, உடனே மெமரி வாங்கு பெரிய மிஷின் வாங்குன்னு செலவு வைப்பாங்க. 17வது வெர்ஷன் வரைக்கும் டேபிள் பத்தின புள்ளிவிவரம் அப்கிரேட்ல கூட வராது, அனலைஸ்ங்குற கமாண்டை ஓட்டாம விட்டா அது குருட்டாம்போக்கா க்வெரி ஓட்டும். 18ல இருந்துதான் பெரும்பாலும் கூடவே வருது. ஒரு கமாண்ட், அதுக்கு போய் புது மிஷினா? அதே மாதிரி 14லருந்து பாஸ்வேர்ட் முறை டீபால்டா ஸ்க்ராம்ங்குற புது முறை ஆயிடுச்சு, பழைய டிரைவர் "10ங்குற முறை தெரியாது"ன்னு நிக்கும், டிரைவரை ஏத்துங்க, பாஸ்வேர்டை பழைய முறைக்கு இறக்காதீங்க.

பீன்யால எஸ்க்யூஎல் சர்வர்தான் நிறைய. அதுல ஒரு நல்ல வசதி, சர்வரை புதுசா போட்டுட்டு டேட்டாபேஸோட கம்பாட்டிபிலிட்டி லெவலை (எந்த வெர்ஷன் மாதிரி நடந்துக்கணும்ங்குற நம்பர்) கொஞ்ச நாள் பழசுலயே வச்சுக்கலாம், நிதானமா ஏத்தலாம். ஆனா அதை அப்படியே மறந்துட்டு சாப்ட்வேரை மட்டும் எண்டிட்டி ப்ரேம்வொர்க் கோர் (சாப்ட்வேருக்காக க்வெரியை தானா கட்டுற மைக்ரோசாப்ட் கருவி) 8க்கு ஏத்தினா, லெவல் 130க்கு கீழ இருந்தா சில லிஸ்ட் பக்கம் எல்லாம் சின்டாக்ஸ் எரர்ல நிக்கும், க்வெரில தப்பே இருக்காது, லெவல்தான் காரணம். ஸ்டாக் பக்கம் திறக்கலன்னு ப்ரோகிராமரை திட்டுறதுக்கு முன்னாடி அந்த நம்பரை பாருங்க.

இப்ப நான் பயப்படுறது என்னன்னா, அவசரத்துக்கு போட்ட ஒட்டு எல்லாம் அடுத்த அப்கிரேட்ல அதே இடத்துல பிச்சுக்கும். மைஎஸ்க்யூஎல் 8.0க்கும் 2026 ஏப்ரல் வரைக்கும்தான் காலம். அடுத்தது 8.4, 2024ல வந்தது, அதுல அந்த நேட்டிவ் பாஸ்வேர்ட் முறை டீபால்டாவே மூடி இருக்கும், 9.0ல சுத்தமா எடுத்தே விட்டாங்க. அன்னைக்கு கிளினிக்ல பண்ணின மாதிரி யூசரை பழைய முறைக்கு மாத்தி வாசலை திறந்தவங்க எத்தனை பேரு இந்த ஊர்ல, அவங்க எல்லாருக்கும் திரும்ப அதே திங்கக்கிழமை காலை வரப்போகுது. அந்த கிளினிக்ல அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட பேசி சாப்ட்வேரையே புது லாராவெலுக்கு கொண்டு வர ஆள் போட்டோம், செலவுதான், அவரு ஒத்துக்கிட்டாரு.

ஓனருங்ககிட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. உங்க சாப்ட்வேர் எதுல எழுதினது, எந்த டேட்டாபேஸ், எந்த வெர்ஷன், அதுக்கு சப்போர்ட் என்னைக்கு முடியுதுன்னு ஒரு தாள்ல எழுதி வாங்கி வச்சுக்கோங்க. சோர்ஸ் கோட் (சாப்ட்வேரை எழுதின மூல ப்ரோகிராம்) உங்க கைல இருக்கணும், எழுதினவர் லேப்டாப்ல மட்டும் இருந்தா அவரு போன் நம்பரை மாத்தினா உங்க கடை நின்னுடும். ஹோஸ்டிங்காரன் மெயில் வந்தா உடனே சரின்னு சொல்லாம ஒத்திகை கேளுங்க. ஒத்திகைன்னா நேத்தைய பேக்கப்பை தனி மிஷின்ல புது வெர்ஷன்ல ஏத்தி, உங்க சாப்ட்வேரை அதோட இணைச்சு, உங்க பில்லிங் பொண்ணையே உக்கார வச்சு பில் போட சொல்றது, மாசக்கடைசி ரிப்போர்ட் எடுக்க சொல்றது, தமிழ் பேரை தேட சொல்றது. போன் நம்பரை எல்லாம் மறைச்சுட்டு பண்ணுங்க, அடுத்தவங்க விவரம் அது. மைஎஸ்க்யூஎல் ஷெல்ல அப்கிரேட் செக்கர்னு ஒண்ணு இருக்கு, இலவசம், அது டேபிள்ல இருக்குற பிரச்சனையை சொல்லிடும், ஆனா உங்க சாப்ட்வேருக்குள்ள கையால எழுதின க்வெரி அதுக்கு தெரியாது. அதுக்கு பழைய சர்வர்ல கொஞ்ச நேரம் ஜெனரல் லாகை போட்டு வர்ற க்வெரி எல்லாத்தையும் பிடிச்சு புதுசுல ஓட்டி பாக்கணும், ரெண்டு பக்கமும் ரிசல்ட்டை ஒப்பிட பெர்கோனா டூல்கிட்ல பிடி அப்கிரேட்னு ஒரு கருவியே இருக்கு. அந்த டோக்கன் வரிசை மாதிரி எரர் வராத தப்பு இதுல மாட்ட நிறைய வாய்ப்பு.

அதே மாதிரி ஏஎம்சி (வருஷாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) போடும்போது "சர்வர் மெயின்டெனன்ஸ்"னு ஒத்தை வரி எழுதி கையெழுத்து போடாதீங்க. டேட்டாபேஸ் வெர்ஷன் மாறினா சாப்ட்வேரை அதுக்கு ஏத்த மாதிரி சரி பண்றது யார் பொறுப்பு, எத்தனை நாள் ஒத்திகை, பேக்கப்பை திரும்ப ஏத்தி காமிச்சாங்களா, இதெல்லாம் எழுதியே வாங்குங்க. ஸ்கூல்காரங்க பீஸ் கட்டுற கடைசி வாரத்துலயும் கடைக்காரங்க ஜிஎஸ்டி ரிட்டர்ன் வாரத்துலயும் தயவுசெஞ்சு இதை வைக்காதீங்க.

நம்ம பசங்க ஆயிரக்கணக்குல இதே ஊர்ல இந்த வேலைல இருக்காங்க. கம்பெனில பண்ற மாதிரி ஸ்டேஜிங் (தனி மிஷின்ல ஒத்திகை), ரோல்பேக் ப்ளான் (பின்னாடி போற திட்டம்) எல்லாம் பக்கத்து கிளினிக்குக்கும் சங்கத்துக்கும் ஒரு சனிக்கிழமை போய் சொல்லிக் குடுத்தா எவ்வளவோ பேருக்கு உதவியா இருக்கும், வர்றவங்க இருந்தா நான் கூட வர தயார். உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள் சார், ஏதாவது ஆபீஸ்ல சர்வர் கோளாறுன்னு ஜனங்க நாள் முழுக்க நின்ன செய்தி வரும்போது உங்க நிருபர் அங்க இதையும் கேக்கட்டும்: என்ன வெர்ஷன்லருந்து என்ன வெர்ஷனுக்கு மாத்தினாங்க, மாத்துறதுக்கு முன்னாடி ஒத்திகை பாத்தாங்களா, பின்னாடி போக பேக்கப் இருந்துதா.

இப்படிக்கு,
டேட்டாபேஸ் வேலை பார்க்கும் ஒரு வாசகன்,
அல்சூர், பெங்களூரு.